மூக்கு மேல்நாட்டைச் சேர்ந்தது

பழவேற்காட்டுக் கோட்டையை ஒல்லாந்தார் ஆண்ட காலத்தில் அங்கே எதற்கும் ஒரு முறை உண்டு. கொடி ஏற்ற ஒரு முறை, கதவு திறக்க ஒரு முறை, பெரிய துரை தும்மினால் யார் முதலில் வாழ்த்துவது என்பதற்கு ஒரு முறை. இத்தனை முறைகளையும் கட்டிக் காப்பதற்கே ஆள் போதவில்லை. அதனால் வேலை செய்ய ஆள் கிடைப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்தக் கோட்டைக்குள் புதிதாக ஒரு மயக்கச்சாலை திறந்தார்கள். அபினையும் சாராயத்தையும் இன்னும் ஏதேதோ பச்சிலைச் சாற்றையும் காய்ச்சி, அதில் கடற்பஞ்சை நனைத்து, நோயாளிக்கு முகரக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு அறுப்பார்களாம். வலியே தெரியாதாம். குப்பம் குப்பமாகத் தண்டோரா போட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் நல்ல ஏற்பாடு என்று சொன்னார்கள். ஒருத்தரும் போகவில்லை. தூங்க வைக்கிறவன் திரும்ப எழுப்புவான் என்று என்ன நிச்சயம் என்பது குப்பத்துப் பேச்சாக இருந்தது.

முதலில் போனவன் கோட்டைக்குப்பத்து வரதன். தனக்காகப் போகவில்லை. தங்கை பச்சையம்மாவின் புருஷன் தேசப்பனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனான். தேசப்பன் காலில் திருக்கை மீனின் முள் குத்தி, உள்ளேயே முறிந்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நாட்டு வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

மச்சானுக்காக வரதன் இப்படி ராப்பகலாக ஓடுவதைப் பார்த்து ஊரே மெச்சியது. மெச்ச மெச்ச வரதனுக்கு உள்ளே கூசியது. அதற்குக் காரணம் இருந்தது.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைக் குப்பத்தார் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு விழுந்தவனுக்கு உடம்பு முடியாவிட்டால் மச்சான் முறை உள்ளவன் போகலாம். கிடைக்கும் மீனில் பாதி போனவனுக்கு. அந்தத் தடவை வரதனுக்கு முகத்துவாரத்துப் பக்கம் சேற்றிடம் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வலையை இழுக்க வேண்டும். அந்தச் சேற்றில்தான் திருக்கை படுத்துக் கிடக்கும். வரதனுக்குத் திருக்கை என்றால் உயிர்ப் பயம். ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவன் இதை வெளியே சொல்ல முடியுமா? வேட்டியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஜுரம் என்று படுத்துவிட்டான். சாயங்காலம் பச்சையம்மா வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். விடிவதற்குள் தேசப்பன் வந்து எட்டிப் பார்த்தான்.

"நீ படுத்துக்கோ மச்சான். உன் பாட்டுக்கு நான் போய்ட்டு வரேன்" என்றான்.

போனவனை நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குப்பத்தில் தப்புக்கும் ஒரு முறை உண்டு. கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். "யார் தப்பு?" என்று பெரியவர் கேட்பார். தப்பு செய்தவன் தோள் துண்டை எடுத்துத் தரையில் போட்டு, என்ன செய்தான் என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. அடுத்த பாட்டை விட்டுக்கொடுத்து, கற்பூரம் கொளுத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆனால் திருக்கை குத்தியதற்கெல்லாம் ஊர் கூடாது. யார் தப்பு என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று வரதன் ஏங்கினான். கேட்டவர்கள் எல்லாரும் "சாப்ட்டியா வரதா?" என்றுதான் கேட்டார்கள்.

இந்த மனசோடுதான் அவன் கோட்டைக்குள் நுழைந்தான். பெண்கள் உள்ளே வர முறை இல்லை என்பதால் பச்சையம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். துரைமார் பேசுவதைத் தமிழில் சொல்ல துபாஷி தெய்வசிகாமணி இருந்தார். துரை நீளமாகப் பேசினால் சுருக்குவார். குப்பத்தான் நீளமாகப் பேசினால் இன்னும் சுருக்குவார். நேரத்தை மிச்சம் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

துரைமார் பேர்கள் குப்பத்து வாயில் நுழையாதவை. ஊரார் வைத்த பேரையே நானும் சொல்கிறேன். தூங்க வைப்பவர் மயக்கத் துரை. அறுப்பவர் கத்தித் துரை. இருவருக்கும் மேலே, ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் இருப்பவர் பெரிய துரை. வெயில் மண்டையைப் பிளக்கிற அந்தப் பட்டப்பகலில் மூவரும் கறுப்புக் கம்பளிச் சட்டையும் பொய்முடியும் தரித்து, கொதிக்கிற உலைமூடி மாதிரி வேர்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தித் துரையின் சட்டைப் பையிலிருந்து புளித்த காடி வாடை வந்தது. வரதன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

முதலில் எல்லாரும் தொப்பியைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தை வணங்கினார்கள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, போட்டுக்கொண்டதற்காக மறுபடியும் கழற்றி வணங்கினார்கள். தேசப்பன் வலியில் முனகினான். முனகலுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று பெரிய துரை சொன்னதாக துபாஷி சொன்னார்.

அப்புறம் மயக்கத் துரை பஞ்சை முகர வைத்தார். தேசப்பன் கண் சொருகினான். மயக்கம் நிலையாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சீமையிலிருந்து வந்த ஒரு வெள்ளிக் குழலை மூக்கில் நுழைத்து, அதன் மறுமுனையில் பஞ்சைக் கட்டுவது அந்தச் சாலையின் முறை. குழல் கொஞ்சம் பருமன். தேசப்பன் மூக்கு கொஞ்சம் சின்னது. மயக்கத் துரை நாக்கைக் கடித்துக்கொண்டு திருகித் திருகி நுழைத்தார். கத்தித் துரை காலைக் கீறினார். சீழ் வந்தது, ரத்தம் வந்தது, முள்ளின் நுனியும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் குழலைச் சுற்றி மூக்கிலிருந்தும் ரத்தம் குபுகுபு என்று வந்தது.

கத்தித் துரை உடனே கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் உயரத் தூக்கினார். ஒருவன் மணி அடித்தான்.

"இன்னா சாமி ஆச்சு?" என்று வரதன் பதறினான்.

"சும்மா இரு. சபை கூடுது" என்றார் துபாஷி.

"ரத்தம் வருது சாமி."

"அதுக்குத்தான் சபை கூடுது."

விஷயம் இதுதான். அந்தச் சாலையில் மனித உடம்பை இரண்டு நாடாகப் பிரித்திருந்தார்கள். தொப்புளுக்குக் கீழே கீழ்நாடு, மேலே மேல்நாடு. கத்தித் துரை கீழ்நாட்டு வைத்தியர். மூக்கு மேல்நாட்டைச் சேர்ந்தது. மேல்நாட்டு வைத்தியர் போன மழைக்காலத்தில் பேதி கண்டு இறந்துபோனார். பேதி கீழ்நாட்டு நோய் என்பதால் அவருக்கு அவரே வைத்தியம் செய்துகொள்ள முடியவில்லை. கத்தித் துரை அப்போது இன்னும் வந்து சேரவில்லை. அவருக்குப் பதில் ஆள் ஒல்லாந்தாரின் பத்தேவியா நகரத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார். அடுத்த பருவக்காற்றுக்கு வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

பெரிய துரை எழுந்து நின்று முதல் கேள்வியைப் போட்டார்.

"இது எதிர்பார்த்த ரத்தமா, எதிர்பாராத ரத்தமா? காலில் வருவது எதிர்பார்த்த ரத்தம். அதைப் பற்றி நமக்கு அக்கறை இல்லை. எதிர்பாராத ரத்தம் என்றால் அது ஒழுங்கீனம். ஒழுங்கீனத்தைச் சபை விசாரிக்காமல் துடைக்கக்கூடாது."

மயக்கத் துரை நல்ல யோசனை ஒன்று சொன்னார். "நாம் மூவரும் இப்போதே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் என்ன?"

மூவரும் தேசப்பன் மூக்கையே பார்த்தபடி எதிர்பார்த்தார்கள். ரத்தம் வந்தது. ஆனால் பெரிய துரை நியாயஸ்தர். "இனி வருவது எதிர்பார்த்த ரத்தம், ஒப்புக்கொள்கிறேன். முன்பு வந்தது அப்படியேதான் இருக்கிறது. மேலும் இரண்டும் இப்போது ஒரே தலையணையில் கலந்துவிட்டன" என்று வருத்தத்தோடு உட்கார்ந்தார்.

தேசப்பன் தொண்டைக்குள் களகள என்று ஒரு சத்தம் கேட்டது. மல்லாந்து கிடந்தவனுக்கு ரத்தம் உள்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவனுக்கு இருமவும் தெரியவில்லை.

"சாமி, அந்தக் குழலு... அது குத்திகினு இருக்குது சாமி. அத எடுத்துட்டா..."

துபாஷி இதைத் துரைமாரிடம் சொன்னார். பெரிய துரை அடிபட்டவர் போலப் பார்த்தார்.

"அந்தக் குழல் சீமையில் முத்திரை போட்டு வந்த குழல். அது புண்படுத்தும் என்று நினைக்க முத்திரை இடம் தராது. மூக்கில் எந்த முத்திரையும் இல்லை. ஆகையால் மூக்குதான் குழலுக்கு ஒழுங்காக வழிவிடத் தவறியிருக்க வேண்டும்."

வரதன் பொறுக்க மாட்டாமல் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தான். ஒரு சிப்பாய் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். வரதன் பின்வாங்கினான். பின்வாங்கிய பிறகுதான் அன்றைக்கும் இப்படித்தான் செய்தோம் என்று உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. செருப்பு இல்லை.

அடுத்து, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவன் மூக்கைப் பற்றிப் பேசுவது மரியாதையா என்று மயக்கத் துரைக்குச் சந்தேகம் வந்தது. சம்மதம் கேட்கலாம் என்று முடிவாயிற்று. துபாஷி குனிந்து, "தேசப்பா, உம் மூக்குல வைத்தியம் பண்ண சம்மதமா?" என்று காதில் கத்தினார். தேசப்பன் குறட்டை விட்டான். குறட்டையில் சிவப்புக் குமிழி வந்தது. எழுப்பிக் கேட்கலாமே என்றார் கத்தித் துரை. அறுத்து முடிக்காமல் எழுப்ப முறையில்லை என்றார் மயக்கத் துரை. மூக்கு ரத்தம் நிற்காமல் அறுக்க முறையில்லை என்றார் கத்தித் துரை. இருவரும் ஒருவருக்கொருவர் தொப்பியைக் கழற்றி வணங்கிக்கொண்டார்கள்.

"செத்துப் பூடுவான் சாமி" என்று வரதன் அழ ஆரம்பித்துவிட்டான். "அவங்களாண்ட சொல்லுங்க சாமி, எந் தங்கச்சி வாசல்லதான் நின்னுகினு கீது."

பெரிய துரை மறுபடி எழுந்தார். இந்த முறை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த ஏழையின் கண்ணீர் என்னை உருக்குகிறது. ஆனால் நாம் எதற்காகக் கடல் கடந்து வந்தோம் என்பதை மறக்கக்கூடாது. நோயாளி பிழைப்பது நம் நோக்கம் அல்ல என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறைப்படி இறந்தவன் இந்தச் சாலைக்குப் பெருமை. முறை தவறிப் பிழைத்தவன் நமக்கு அவமானம். இறந்தவனைப் புதைத்துவிடலாம். பிழைத்தவன் ஊரெல்லாம் நடமாடுவான்."

துரைமார் கைதட்டினார்கள். துபாஷி இதை வரதனுக்கு, "துரை ரொம்ப வருத்தப்படறாரு" என்று சொன்னார்.

"ஒரே ஒரு வழி இருக்கிறது" என்று பெரிய துரை தொடர்ந்தார். "குற்றவாளி கிடைத்துவிட்டால் இது ஒழுங்கீனம் ஆகாது, வெறும் விளைவு ஆகிவிடும். விளைவை எந்த நாட்டு வைத்தியரும் துடைக்கலாம். ஆகவே கேட்கிறேன்: இது யார் குற்றம்?"

மயக்கத் துரை கூரையைப் பார்த்தார். கத்தித் துரை தன் காலணியைப் பார்த்தார். குழல் மட்டும் மூக்கில் பளபளத்தது.

துபாஷி அலுப்போடு தமிழில் கேட்டார்: "யார் தப்புனு கேக்கறாரு."

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. வரதன் யோசிக்கவே இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் போட்டான்.

"என் தப்பு சாமி! எம் பாட்டுக்கு அவன் போனான். எனக்கு ஜொரமே இல்ல சாமி, பொய் சொல்லிப் படுத்துகினேன். திருக்கைன்னா எனக்கு பயம். நான் எறங்க வேண்டிய சேத்துல அவன் எறங்கினான். எனக்கு வர வேண்டிய முள்ளு சாமி அது. எந் தங்கச்சி மூஞ்சியில முழிக்க முடியல. எந்தத் தண்டனன்னாலும் குடுங்க, அவன மட்டும் காப்பாத்துங்க!"

துபாஷி பெரிய துரை பக்கம் திரும்பினார். "இவன்தான்" என்றார்.

அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. பெரிய துரை வரதனைப் பாசத்தோடு பார்த்தார். மணி அடித்தது.

மணியோசை அடங்குவதற்குள் கத்தித் துரை பாய்ந்தார். தேசப்பனை ஒருக்களித்துப் புரட்டி, தொண்டையில் தேங்கிய ரத்தத்தை வெளியே வடிய விட்டார். குழலை உருவி எறிந்தார். சட்டைப் பையிலிருந்து காடியில் நனைத்த துணியை எடுத்து, அளவாகச் சுருட்டி மூக்கில் வைத்து, இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். களகள சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ரத்தமும் நின்றது. தேசப்பன் சீராக மூச்சு விட்டான்.

வரதன் வாயைப் பிளந்தான். "இது அவருக்கு மொதல்லயே தெரியுமா சாமி?"

துபாஷி கேட்டுச் சொன்னார். "மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே தெரியுமாம். துணியை எப்பவும் பையிலயே வெச்சிருப்பாராம்."

பிறகு முள்ளையும் எடுத்துக் காலைக் கட்டி, தேசப்பனைக் கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எறியப்பட்ட குழலுக்கு ஏதும் காயமில்லை என்று பார்த்து, கழுவி, பட்டுத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

தன் தப்பு மூக்கில் இல்லை, பாடு மாறியதில்தான் என்று வரதன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கிக்கொண்டால் செய்த குற்றம் அப்படியே நின்றுபோகுமே என்பது அவன் கவலை. "அதெல்லாம் உங்க ஏரி சமாச்சாரம். அதுக்கு இங்க முறை கிடையாது" என்று துபாஷி அவனை அனுப்பிவிட்டார்.

கோட்டை வாசலில் ஒரு தொழுமரம் இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கால் நுழைக்கிற மாதிரி ஓட்டைகள் வைத்த பெரிய மரம். அதில் வரதனை மாட்டி, பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அவன் மூக்கில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டி வைத்தார்கள். இனிமேல் எவன் மூக்கிலும் ரத்தம் வர விடமாட்டான் என்று கோட்டைக்கு நம்பிக்கை.

வரதனுக்கு முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஊர் வந்து காறித் துப்பும், துப்பட்டும் என்று காத்திருந்தான். ஊர் வந்தது. வந்து கும்பிட்டது. மச்சான் உயிருக்காகச் செய்யாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்று கோட்டைக்குப்பம் முழுக்கப் பேச்சாகியிருந்தது. ஊர்ப் பெரியவர் சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த பாட்டுல உனக்கு சீட்டே வோணாம் வரதா. எடத்த நீயே சொல்லு, ஊரு தரும்" என்றார்.

"வோணாம் பெரியவரே" என்று வரதன் அலறினான். இவ்வளவு அடக்கமா என்று அதையும் மெச்சிக்கொண்டே போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பச்சையம்மா கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்தில் குந்தி, மூக்குத் துணியை ஒதுக்கி ஊட்டினாள்.

"கண்ண முழிச்சுட்டார்ணா. கால்ல வீக்கங்கூட வடியுது" என்றாள். "முழிச்சதும் மொத வார்த்த இன்னா கேட்டார் தெரியுமா? 'மச்சானுக்கு ஜொரம் வுட்டுச்சா'ன்னு கேட்டார்."

வரதன் அவசரமாகக் கஞ்சியை விழுங்கினான்.

"நீ இன்னா சொன்னே?"

"வுட்டுச்சுன்னேன்."

வரதன் கண்ணை மூடிக்கொண்டான். துண்டு கோட்டைக்குள்ளேயே கிடந்தது. இருந்திருந்தால் அவள் காலடியில் போட்டிருப்பான்.

"பச்சே... எனக்கு ஜொரமே இல்ல. பயந்துகினு பொய் சொன்னேன்."

பச்சையம்மா கை நிற்கவில்லை. இன்னொரு வாய் கஞ்சியை ஊட்டிவிட்டுத்தான் பேசினாள்.

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"நெத்தியத் தொட்டுப் பாத்தேனே. ஜில்லுனு இருந்துச்சு. ஊட்டுக்குப் போயி அவராண்ட சொல்லல. பாதி மீனு வருதேன்னு இருந்துட்டேன். தூங்கினு இருந்த மனுசன நான்தான் தட்டி எழுப்பி, 'அண்ணனுக்கு ஒடம்பு கொதிக்குது, போய்யா'ன்னு அனுப்பினேன்."

பச்சையம்மா பானையைக் கீழே வைத்தாள். வரதனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ஓட்டைகளில் காலை நுழைக்கப் போனாள். காவல்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவன் சொன்னது அவளுக்குப் புரியவில்லை, அவள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் துபாஷியைக் கூப்பிட்டார்கள்.

அவள் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் துபாஷி பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய்ப் பெரிய துரையிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எழுந்திரும்மா. உனக்கு இங்க எடமில்ல. குத்தவாளி கெடைச்சாச்சு."

பச்சையம்மா காலை எடுத்துக்கொண்டாள். மிச்சக் கஞ்சியை வரதனுக்கு ஊட்டி, அவன் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திருக்கும் புருஷனிடம் போனாள்.